பண்டைய கிரேக்கத்தில் வேலை செய்தவர்கள் யார்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: பண்டைய கிரேக்கத்தில் எல்லா வேலைகளையும் அடிமைகள்தான் செய்தார்களா? குடிமக்கள் சந்தைத் திடலில் உட்கார்ந்து அரசியலும் தத்துவமும் பேசிப் பொழுதைக் கழித்தார்கள் என்று படித்திருக்கிறோமே, அது உண்மையா? அங்கே என்னென்ன தொழில்கள் இருந்தன?

உண்மை அல்ல. பாடப்புத்தகங்களில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதால் இந்த எண்ணம் பலருக்கும் பதிந்துவிட்டது. நான் ஏதென்ஸ் நகரத்தை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன். கிரேக்கம் என்பது நூற்றுக்கணக்கான சிறு நகர அரசுகளின் தொகுப்பு. அவற்றில் ஏதென்ஸைப் பற்றித்தான் கல்வெட்டுகளும் நீதிமன்ற உரைகளும் மட்கலங்களும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

முதலில் ஒரு கணக்குப் புத்தகத்தைப் பார்ப்போம். புத்தகம் என்றேனே தவிர, அது கல். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் எரெக்தியம் என்ற கோவில் இருக்கிறது. தூண்களுக்குப் பதிலாகப் பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்குமே, அதே கோவில்தான். ஸ்பார்டாவோடு நடந்த நீண்ட போரின் நடுவே, கி.மு. 409-இல் அதன் வேலை மறுபடி தொடங்கியது. கோவில் பணம் பொதுப்பணம். ஆகவே யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பொறுப்பாளர்கள் பளிங்கில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கற்களின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன.

கிழக்கு வாசல் தூண்களில் நெடுக்காகப் பள்ளக்கோடுகள் செதுக்கும் வேலை. ஒரு தூணுக்கு ஒரு குழு. ஒரு குழுவின் பெயர்ப்பட்டியல் இப்படிப் போகிறது: அலோபெக்கே பகுதியில் குடியிருக்கும் சிமியாஸுக்கு 13 திராக்மா. கெர்தோனுக்கு 12 திராக்மா 5 ஓபோல். சிமியாஸுக்குச் சொந்தமான சிந்த்ரோனுக்கு 12 திராக்மா 5 ஓபோல். ஆக்சியோபெய்தெஸுக்குச் சொந்தமான சோக்ளெஸுக்கும் அதே 12 திராக்மா 5 ஓபோல். ஆறு ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. அதாவது, தலைமை ஆளுக்கும் அவருடைய அடிமைக்கும் கூலியில் உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஓபோல்.

"அலோபெக்கேயில் குடியிருக்கும்" என்பது ஓர் அடையாளக் குறி. சிமியாஸ் ஏதென்ஸின் குடிமகன் அல்ல. வெளியூரிலிருந்து வந்து குடியேறி, வரி கட்டி, ஓட்டுரிமை இல்லாமல் வாழ்ந்தவர். இப்படிப்பட்டவர்களை மெட்டிக் என்றார்கள். குடிமகனாக இருந்தால் "இன்ன ஊரைச் சேர்ந்த" என்று எழுதுவார்கள். அடிமையாக இருந்தால் "இன்னாருக்குச் சொந்தமான" என்று எழுதுவார்கள். இந்தக் குறிகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். நிலை தெளிவாகத் தெரிகிற 86 பேரில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் மெட்டிக்குகள், 20 பேர் அடிமைகள். மூவகையினரும் ஒரே சாரத்தில், ஒரே தூணைச் சுற்றி, ஒரே வகை உளியோடு நின்றார்கள். மரம் அறுத்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா. கட்டடத்தை மேற்பார்வையிட்ட கலைஞருக்கும் நாளொன்றுக்கு ஒரு திராக்மாதான்.

சுவரின் மேல் வரிசையில் ஒட்டும் சிற்பங்களுக்குத் துண்டுக்கூலி. மார்புக்கவசத்தின் பக்கத்தில் நிற்கும் இளைஞனைச் செய்த கெபிசியா ஊர் ஃபைரோமகோஸுக்கு 60 திராக்மா. குதிரையையும் அதைத் திருப்பும் ஆளையும் செய்த பிராக்சியாஸுக்கு 120. சிற்பம் எவ்வளவு அழகு என்று யாரும் விலை பேசவில்லை; ஓர் உருவத்துக்கு அறுபது என்று கணக்குப் போட்டார்கள். இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் பளிங்குத் துண்டுகள் அன்று இப்படித்தான் கூலிப் பட்டியலில் ஏறின. இந்தப் பட்டியலை முதல் தடவை படித்த நாளில் எனக்குள் இருந்த கிரேக்கத்தின் சித்திரம் மாறிவிட்டது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைத்தேன்.

அப்படியானால் வேலையைப் பற்றிய இளக்காரம் எங்கிருந்து வந்தது? இளக்காரம் இருந்தது உண்மை. கைத்தொழிலாளியைக் குறிக்க 'பனவுசோஸ்' என்று ஒரு சொல் இருந்தது. உலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு விளக்கம் சொல்வார்கள். கேட்பவர் காதில் அது வசைபோல விழும். கைத்தொழில்கள் உடலைக் கெடுக்கின்றன, நாள் முழுக்க நிழலில் உட்கார வைக்கின்றன, சிலவற்றில் நெருப்பின் முன்னால் வேக வைக்கின்றன, நண்பர்களுக்கும் ஊருக்கும் ஒதுக்க நேரம் மிச்சம் வைப்பதில்லை என்று ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் எழுதிவைத்தார். சிறந்த அரசு கைத்தொழிலாளியைக் குடிமகனாக ஏற்காது என்றார் அரிஸ்டாட்டில். பிளேட்டோவின் மனமும் ஏறக்குறைய இதுவே. இவர்கள் யார் என்று பாருங்கள். செனபோன் குதிரையும் நிலமும் உடையவர். பிளேட்டோ நகரின் பழம்பெரும் குடும்பத்தில் பிறந்தவர். கையால் உழைத்துச் சாப்பிட வேண்டிய நிலை இவர்களுக்கு இல்லை. நம் கைக்கு வந்து சேர்ந்த நூல்கள் இவர்களுடையவை. உளி பிடித்தவன் நூல் எழுதவில்லை.

ஆனாலும் இந்த வெறுப்பு பணக்காரர்களின் திமிர் மட்டும் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. ஏழைக் குடிமகனிடமும் அதன் ஒரு வடிவம் இருந்தது. அதைக் காட்டும் உரையாடல் ஒன்றைச் செனபோனே பதிவு செய்திருக்கிறார்.

யூதெரோஸ் என்பவர் சாக்ரடீஸுக்குப் பழக்கமானவர். வெளிநாட்டில் இருந்த சொத்தைப் போரில் இழந்தார். ஊர் திரும்பி, உடலுழைப்பால் பிழைத்துக்கொண்டிருந்தார். சாக்ரடீஸ் அவரிடம், உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கேட்கிறார். அதிக நாள் தாங்காது என்கிறார் அவர். வயதான பிறகு யாரும் உம்மைக் கூலிக்குக் கூப்பிட மாட்டார்களே, இப்போதே ஒரு பணக்காரரிடம் போய்ச் சேரும். அறுவடையைப் பார்த்துக்கொள்வது, சொத்தைக் காப்பது போன்ற மேற்பார்வை வேலை இருக்கும், முதுமையிலும் சோறு கிடைக்கும் என்கிறார் சாக்ரடீஸ். நல்ல யோசனைதானே? யூதெரோஸ் சொன்ன பதில்: "அடிமைத்தனத்தைப் பொறுத்துக்கொள்வது எனக்குக் கடினம், சாக்ரடீஸ்."

வெயிலில் கூலி வேலை செய்வது அவருக்கு அவமானமாகப் படவில்லை. நிழலில் நிரந்தர வேலை அவமானமாகப் பட்டது. இன்றைக்கு நமக்கு இது தலைகீழாகத் தெரியும். கூலி வேலையில் இன்று ஒருவர், நாளை இன்னொருவர். பிடிக்காவிட்டால் போகாமல் இருக்கலாம். மேற்பார்வையாளர் வேலையிலோ நாள்தோறும் ஒரே மனிதனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் குற்றம் கண்டால் தலைகுனிய வேண்டும். கிரேக்கர்கள் அருவருத்தது வியர்வையை அல்ல, தலைக்கு மேல் நிற்கும் எசமானை. இன்னொருவரை நம்பி வாழாமல் இருப்பதே சுதந்திர மனிதனுக்கு அடையாளம் என்று அரிஸ்டாட்டில் ஓரிடத்தில் சொல்வதும் இதையே. கேள்வி கேட்டவர் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால் இதை வைத்துக்கொள்ளலாம்; மற்றத் தொழில் விவரங்களெல்லாம் இதிலிருந்து விளங்கும்.

ஒரே எசமானிடம் கட்டுப்பட்ட கூலிக்காரனின் நிலை எவ்வளவு கீழானதாக எண்ணப்பட்டது என்பதற்கு ஹோமரின் காவியங்களிலேயே சான்று உண்டு. இறந்தோர் உலகில் மாவீரன் அக்கிலீஸ், இங்கே எல்லோருக்கும் அரசனாக இருப்பதைவிட, மண்ணில் வறியவன் ஒருவனிடம் கூலியாளாக இருப்பேன் என்கிறான். இருப்பதிலேயே அடிமட்ட நிலை எது என்று தேடி அவன் எடுத்துக்கொண்டது கூலியாளின் நிலை. அடிமை ஒரு வீட்டைச் சேர்ந்தவன். கூலியாளுக்கு அதுவும் இல்லை. இன்னொரு கதையில் பொசைடன், அப்பல்லோ என்ற இரு கடவுளரும் டிராய் அரசன் லாவோமெதோனிடம் ஓராண்டு கூலிக்கு வேலை செய்கிறார்கள். ஆண்டு முடிந்ததும் அவன் கூலி தர மறுத்து, கை காலைக் கட்டித் தூரத் தீவில் விற்றுவிடுவேன், காதை அறுப்பேன் என்று விரட்டுகிறான். கடவுளுக்கே கூலி கிடைக்கவில்லை என்று கதை கட்டிய மக்களுக்குக் கூலிக்காரன் படும் பாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஏதென்ஸில் வேலை தேடுபவர்கள் விடியற்காலையில் போய் நின்ற இடம்கூடத் தெரியும். சந்தைத் திடலின் மேற்கே உள்ள சிறு குன்று அது. கூலியாட்களின் குன்று என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. குன்றின் உச்சியில் கொல்லர் தெய்வமான ஹெஃபெஸ்டஸுக்குக் கோவில். ஒலிம்பஸ் கடவுளர்களில் தொழிலாளியாக உலையருகே நிற்பவர் அவர் ஒருவர்தான். கால் ஊனமானவர், உடலெல்லாம் கரி. கோவிலைச் சுற்றி உலோகப் பட்டறைகள் இருந்தன.

குடிமக்களில் பெரும்பாலோர் உழவர்கள். கி.மு. 403-இல் உள்நாட்டுச் சண்டை முடிந்தபோது, நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் குடியுரிமை என்று ஒருவர் முன்மொழிந்தார். அது நிறைவேறியிருந்தால் ஐயாயிரம் பேர் உரிமை இழந்திருப்பார்கள் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. அதாவது மற்றவர்கள் எல்லோரிடமும் கொஞ்சமாவது நிலம் இருந்தது. பார்லி, திராட்சை, ஒலிவம் ஆகியவைதான் முக்கியப் பயிர்கள். கார்த்திகை விண்மீன் கூட்டம் விடியலில் எழும்போது அறுவடை, அது மறையும்போது உழவு என்று எசியோட் என்ற கவிஞர் தம் தம்பிக்குப் பாடினார். வேலை செய்வது இழிவல்ல, வேலை செய்யாமல் இருப்பதே இழிவு என்ற அவருடைய வரி பிற்காலத்தில் எல்லோரும் எடுத்தாண்ட வரி. தன் நிலத்தைத் தானே உழுபவனுக்கு யாரும் கட்டளை இடுவதில்லை. உழவுக்கு இருந்த மதிப்பின் வேர் இங்கே இருக்கிறது.

கைத்தொழில்களுக்கு வருவோம். ஏதென்ஸின் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் 170-க்கும் மேற்பட்ட தொழிற்பெயர்கள் காணப்படுகின்றன. சிறிய ஊரில் ஒரே தச்சன் கட்டில், கதவு, கலப்பை, மேசை எல்லாம் செய்கிறான். பெரிய நகரத்தில் ஒருவன் ஆண் செருப்பு மட்டும், இன்னொருவன் பெண் செருப்பு மட்டும் செய்கிறான். வெட்டுபவன் வேறு, தைப்பவன் வேறு என்று செனபோன் கவனித்து எழுதியிருக்கிறார். கைத்தொழிலைப் பழித்த அதே செனபோன்தான், ஆனால் கண் கூர்மையானது.

செருப்பு என்றதும் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. சந்தைத் திடலின் எல்லைக்கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டடத்தின் அடித்தளத்தை அகழ்ந்தார்கள். தரையெங்கும் இரும்பு ஆணிகள், குட்டையானவை, செருப்பின் அடியில் அடிப்பவை. கயிறு கோக்கும் எலும்பு வளையங்கள். கூடவே, உடைந்த கிண்ணத்தின் அடிப்பகுதி ஒன்று. அதில் "சைமனுடையது" என்று கீறியிருந்தது. சைமன் என்ற செருப்புத் தைப்பவரின் பட்டறைக்குச் சாக்ரடீஸ் வந்து பேசிக்கொண்டிருப்பார், சைமன் அந்தப் பேச்சுகளைக் குறித்து வைத்தார் என்று பழைய வரலாறு ஒன்று உண்டு. சாக்ரடீஸின் தந்தையே கல்தச்சர், தாய் மருத்துவச்சி. அவருடைய உரையாடல்களில் தச்சனும் குயவனும் தோல் பதனிடுபவனும் இத்தனை தடவை வருவதற்குக் காரணம் அவர் வளர்ந்த வீடுதான் என்று நான் நம்புகிறேன்.

நகரின் வடமேற்கே குயவர் பகுதி, கெராமெய்கோஸ். ஆங்கிலத்தில் மட்பாண்டத்தைக் குறிக்கும் செராமிக் என்ற சொல் அதே வேரிலிருந்து வந்தது. இந்தக் குயவர்கள் தங்கள் பெயரைக் கலத்தில் எழுதினார்கள். "எக்சேகியாஸ் என்னைச் செய்தான், எழுதினான்" என்று ஒரு குடுவை தானே பேசுகிறது. எழுதினான் என்றால் படம் தீட்டினான் என்று பொருள். யூதிமிதெஸ் என்ற ஓவியர் ஒரு பெரிய சாடியில், கூத்தாடும் மனிதர்களை வரைந்துவிட்டு, "யூஃப்ரோனியோஸ் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை" என்று பக்கத்துப் பட்டறைக்காரரை வம்புக்கு இழுத்திருக்கிறார். குயவனுக்குக் குயவன்மேல் பொறாமை, தச்சனுக்குத் தச்சன்மேல் பொறாமை என்று எசியோட் சொன்னது இருநூறு ஆண்டு கழித்தும் அப்படியே இருந்தது. அந்த யூஃப்ரோனியோஸ் பிற்பாடு அக்ரோபோலிஸில் ஏதீனா தெய்வத்துக்குக் காணிக்கை வைக்கும் அளவுக்குப் பொருள் ஈட்டினார். காணிக்கைக் கல்லில் தம்மைக் குயவர் என்றே குறிப்பிட்டுக்கொண்டார். இழிதொழில் என்று அவர் கூசவில்லை.

பெர்லினில் இருக்கும் ஒரு கிண்ணத்தில் வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறை வரையப்பட்டிருக்கிறது. சுமார் கி.மு. 480-ஐ ஒட்டிய கலம். உலைக்கு முன்னால் ஒருவன் குந்தியிருக்கிறான். உலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுவன் எட்டிப் பார்க்கிறான். சுவரில் சுத்தியலும் அரமும் தொங்குகின்றன. தலை ஒட்டாத சிலை ஒன்று கிடக்கிறது. அதன் தலை தரையில் தனியே இருக்கிறது. நல்ல ஆடை உடுத்தி, கைத்தடியில் சாய்ந்து இரண்டு பேர் நிற்கிறார்கள். வந்து பார்க்கிறவர்களா, முதலாளிகளா என்று படம் சொல்லவில்லை. வேலை செய்கிறவர்களோ அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அடிமைகளின் உழைப்பைப் பேசும்போது ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கக் கூடாது. அடித்தட்டில் லௌரியன் வெள்ளிச் சுரங்கங்கள். பாறையில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான குழிகளை வெட்டினார்கள். அங்கிருந்து பக்கவாட்டில் போகும் வழிகள் பலவும் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. குனிந்துகூட நடக்க முடியாது. தவழ்ந்தும் படுத்தும் வெட்ட வேண்டும். எண்ணெய் விளக்கின் புகை வேறு. மேலே வந்த கல்லை இடித்து, அரைத்து, சரிவான மேடைகளில் நீர் விட்டு அலசி, உலையில் உருக்கி, ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தார்கள். நிசியாஸ் என்ற தளபதி ஆயிரம் அடிமைகளைச் சுரங்கக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். தலைக்கு நாளுக்கு ஓர் ஓபோல் அவர் கைக்கு வரும். ஆள் செத்தால் ஈடாக இன்னோர் ஆளைத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏதென்ஸ் கடற்படையைக் கட்டிய வெள்ளி, பார்த்தெனான் கோவில் எழுந்த காலத்துப் பளபளப்பு, ஆந்தை பொறித்த நாணயம் ஆகியவற்றின் அடியில் இந்த வழிகள் இருக்கின்றன. அந்நகரத்தைப் போற்றும்போதெல்லாம் இது என் மனதை உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். கி.மு. 413-க்குப் பிறகு, ஏதென்ஸின் நாட்டுக்குள்ளேயே ஸ்பார்டா கோட்டை அமைத்தபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் கைத்தொழிலாளர் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். கதவு திறந்தவுடன் எத்தனை பேர் போனார்கள் என்பதே அவர்கள் சொல்லாமல் சொன்ன சாட்சியம்.

அடுத்த தட்டில் பட்டறை அடிமைகள். பேச்சாளர் டெமாஸ்தனிஸின் தந்தைக்கு இரண்டு பட்டறைகள் இருந்தன. ஒன்றில் கத்தி செய்யும் அடிமைகள் முப்பத்திரண்டு அல்லது முப்பத்து மூன்று பேர், மற்றொன்றில் கட்டில் செய்வோர் இருபது பேர். கத்திப் பட்டறை மட்டும் ஆண்டுக்கு 30 மினா நிகர வருமானம் தந்தது. ஒரு மினா என்றால் நூறு திராக்மா. லிசியாஸ் என்ற மெட்டிக்கின் குடும்பத்திடமிருந்து, ஏதென்ஸைச் சிறிது காலம் அடக்கி ஆண்ட முப்பதின்மர் ஆட்சி பறித்தவற்றில் 120 அடிமைகளும் 700 கேடயங்களும் இருந்தன.

இன்னொரு வகையினர் தனியே வீடெடுத்துத் தங்கி, தாங்களே தொழில் நடத்தி, எசமானுக்கு நாள்தோறும் ஒரு தொகை கட்டியவர்கள். ஒரு வழக்குரையில் ஒன்பது பத்துத் தோல் தொழிலாளிகள் வருகிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 2 ஓபோல் கட்ட வேண்டும், மேஸ்திரி 3 ஓபோல் கட்ட வேண்டும். மிச்சம் அவர்களுக்கு. இப்படிச் சேர்த்துத் தங்களை விலைக்கு வாங்கி விடுதலை அடைந்தவர்களும் உண்டு.

நகரமே வைத்திருந்த பொது அடிமைகளும் இருந்தார்கள். இதில் ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். கி.மு. 375-ஐ ஒட்டி வந்த ஒரு சட்டம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. சந்தையில், காசு மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே, ஒரு பொது அடிமை உட்கார்ந்து நாணய நோட்டம் பார்க்க வேண்டும். நல்ல வெள்ளி என்று அவர் சொன்ன காசை எந்த வியாபாரியும் மறுக்கக் கூடாது. மறுத்தால் அன்று விற்பனைக்கு வைத்த சரக்கு பறிமுதல். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அவரே காசை வெட்டிப் போடுவார். அவர் தம் இடத்தில் உட்காராமல் போனாலோ ஐம்பது சாட்டையடி. செல்வந்த வணிகனின் காசை நல்லது கெட்டது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் முதுகில் ஐம்பது அடியும் ஒரே மனிதனுக்கு வாய்த்தன. கிரேக்க அடிமைமுறையை விளக்க எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

உச்சியில் பாசியோன். துறைமுகத்தில் வட்டிக்கடை நடத்திய இருவருக்கு அடிமையாக இருந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். விடுதலை பெற்றார், கடையை ஏற்று நடத்தினார், கேடயப் பட்டறை வைத்தார், நகரத்துக்கு ஆயிரம் கேடயம் கொடையளித்தார், கடைசியில் குடியுரிமையும் பெற்றார். கி.மு. 370-இல் இறக்கும்போது ஏதென்ஸின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவருடைய அடிமையாக இருந்து விடுதலையான போர்மியோன் அதே வட்டிக்கடையைக் குத்தகைக்கு எடுத்தார். பாசியோனின் உயிலின்படி அவருடைய விதவையையும் மணந்தார். சுரங்கத்தில் தவழ்ந்தவனும் பாசியோனும் சட்டத்தின் கண்ணில் ஒரு காலத்தில் ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்கள்.

கூலி எவ்வளவு போதும் என்று கேட்கலாம். ஏதென்ஸுக்கு அருகே உள்ள எலூசிஸ் கோவிலின் கி.மு. 329-ஐ ஒட்டிய கணக்குகளில் சிற்றாளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை திராக்மா, கைத்திறன் உள்ளவருக்கு இரண்டு முதல் இரண்டரை. அந்தக் காலத்தில் ஒரு மெதிம்னோஸ் (தானிய அளவு) கோதுமையின் வழக்கமான விலை 5 திராக்மா. அது ஓர் ஆளுக்கு நாற்பத்தெட்டு நாள் உணவு. ஆக, சிற்றாளின் ஒரு நாள் கூலியில் ஓர் ஆளுக்கு இரண்டு வாரத் தானியம். நான்கு பேர் உள்ள வீட்டில் அது நான்கு நாள்கூட வராது. வாடகை, துணி, எண்ணெய், வேலை இல்லாத நாள்கள் எல்லாம் அதிலேயே அடங்க வேண்டும். பஞ்ச ஆண்டில் கோதுமை 16 திராக்மாவுக்கு ஏறியதும் உண்டு. நீதிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்தால் 3 ஓபோல் கிடைக்கும். வேலைக்குப் போக முடியாத கிழவர்கள் விடியலிலேயே அங்கே போய் நின்றார்கள். போர்க்கப்பலில் துடுப்புப் போடுவதும் பெரிய வேலைவாய்ப்பு; ஒரு கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள்.

இன்னும் சில வேலைகளை ஓட்டமாகச் சொல்கிறேன். கழிவை அள்ளிச் செல்பவர்கள் நகர மதிலிலிருந்து பத்து ஸ்டேடியம், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் கொட்ட வேண்டும் என்று விதி. அதைக் கவனிக்கத் தனி அதிகாரிகள். குழலூதும் பெண்களுக்கு ஓர் இரவுக்கு 2 திராக்மாவுக்கு மேல் தரக் கூடாது. பலர் கேட்டால் சீட்டுப் போட்டுத் தீர்மானம். மருத்துவர்களை நகரங்களே சம்பளத்துக்கு அமர்த்தின, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் டெமோகெடெஸ் என்ற மருத்துவரை ஈஜினா என்ற தீவு அரசு 60 மினாவுக்கும் மறு ஆண்டு ஏதென்ஸ் 100 மினாவுக்கும் வைத்துக்கொண்டன.

ஸ்பார்டா வேறு வழியில் போயிற்று. அங்கே குடிமகன் கைத்தொழிலைத் தொடவே கூடாது, போர்ப்பயிற்சிதான் வேலை. நிலத்தை ஹெலட் என்ற பண்ணையடிமைகள் உழுதார்கள், தொழிலைச் சுற்றுப்புற ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். நேர் எதிரே கொரிந்து. கைவினைஞரை மிகக் குறைவாக இகழும் கிரேக்கர்கள் கொரிந்தியர் என்று வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் குறித்திருக்கிறார். குடிமக்கள் வேலையே செய்யவில்லை என்ற படம் ஸ்பார்டாவுக்கு ஓரளவு பொருந்தும். அதை எடுத்து மொத்தக் கிரேக்கத்துக்கும் போர்த்திவிட்டோம்.

ஏதென்ஸ் சட்டமோ வேறு பக்கம் நின்றது. மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுத்தராத தந்தையை முதுமையில் காப்பாற்ற மகனுக்குக் கடமை இல்லை என்று பழைய சட்டமியற்றுநர் சோலோன் விதித்ததாகச் சொல்வார்கள். சந்தையில் வேலை செய்வதைச் சொல்லிக் குடிமகனையோ குடிமகளையோ இழித்துப் பேசுவது குற்றம் என்றும் ஒரு சட்டம் இருந்தது. கி.மு. 345-ஐ ஒட்டி நடந்த குடியுரிமை வழக்கு ஒன்றில் இதைக் காட்டித்தான் யூக்சிதெயோஸ் வாதாடினார். அவர் தாய் சந்தையில் நாடா விற்றவர். முன்னொரு காலத்தில் பிறர் குழந்தைக்குப் பாலூட்டிக் கூலி வாங்கியவர். குடிமகள் இந்த வேலையெல்லாம் செய்வாளா, இவன் அடிமைக்குப் பிறந்தவன் என்று எதிராளி கிளப்பிவிட்டான். யூக்சிதெயோஸ் மறைக்கவில்லை. ஆம், நாடா விற்கிறோம், விரும்பிய வாழ்க்கை இதுவல்ல என்றார். ஊருக்கு வந்த துன்பத்தால் எத்தனையோ குடிமகள்கள் செவிலியாகவும் தறிக்கூலியாகவும் திராட்சை பறிப்பவராகவும் போனார்கள். அவர்களில் பலர் இன்று செல்வராகிவிட்டார்கள் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார்.

இது பெண்களின் வேலைக்கு நம்மைக் கொண்டுவருகிறது. பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள் என்று சொல்வார்கள். உள்ளே இருந்தார்கள் என்றால் சும்மா இருந்தார்கள் என்று பொருளல்ல. ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியூஸின் வீட்டில் பன்னிரண்டு பெண்கள் திரிகையில் மாவரைக்கிறார்கள். பதினொருவர் அரைத்து முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லோரிலும் மெலிந்தவள் ஒருத்தி மட்டும் விடியும் வரை அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமில்லாத வானில் இடி கேட்டதும் திரிகையை நிறுத்திவிட்டு, என் முழங்காலை நோகடித்த இந்த விருந்தாளிகளுக்கு இன்றைய சாப்பாடே கடைசியாக இருக்கட்டும் என்று வேண்டுகிறாள். காவியத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் ஒரு பெருவீட்டின் விருந்து எதன்மேல் நின்றது என்பதை அந்த ஒருத்தி காட்டிவிடுகிறாள்.

நூற்பதும் நெய்வதும் அரசி முதல் அடிமை வரை எல்லாப் பெண்களுக்கும் உரிய வேலை. செனபோன் சொல்லும் இன்னொரு செய்தி: போர்க்கால நெருக்கடியில் அரிஸ்தார்கோஸ் என்பவர் வீட்டில் சகோதரிகள், மருமக்கள் என்று பதினான்கு பேர் வந்து தஞ்சம் புகுந்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லை. சாக்ரடீஸின் யோசனைப்படி கடன் வாங்கிக் கம்பளி வாங்கிக் கொடுத்தார். பெண்கள் நடுப்பகல் உணவு நேரத்திலும் கை ஓயாமல் வேலை செய்தார்கள், இரவு உணவுக்குத்தான் நிறுத்தினார்கள். வீட்டில் சிரிப்பு திரும்பியது. பிறகு அவர்கள் வைத்த ஒரே குறை, இந்த வீட்டில் நீர் ஒருவர்தான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறீர் என்பது.

வீட்டுக்கு வெளியிலும் பெண்கள் இருந்தார்கள். ஒரு சாபத்தகட்டில், தலைக்கவசம் செய்யும் தியோனிசியோஸையும் பொன்வேலை செய்யும் அவர் மனைவி ஆர்த்தெமெய்ஸையும், அவர்கள் வீட்டையும் தொழிலையும் கட்டிப்போடுமாறு யாரோ ஈயத்தில் எழுதி மண்ணுக்கடியில் சேர்த்திருக்கிறார்கள். தொழிற்போட்டியாக இருக்கலாம். எழுதியவனின் கோபத்தால் நமக்கு ஒரு கணவனும் மனைவியும் தத்தம் தொழிலோடு தெரியவந்தார்கள். அக்ரோபோலிஸில் மெலின்னா என்ற பெண் தொழில் தெய்வமான ஏதீனாவுக்குக் காணிக்கை வைத்து, தன் கைகளாலும் திறமையாலும் துணிவாலும் பிள்ளைகளை வளர்த்தேன் என்று கல்லில் எழுதச் செய்தாள்.

ஏதென்ஸுக்கு வடக்கே மெனிடி என்ற ஊரில் கிடைத்த கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்றில் ஃபனோஸ்த்ராத்தே என்ற பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றிச் சிறு குழந்தைகள். கீழே உள்ள எழுத்து அவளை மருத்துவச்சி என்றும் மருத்துவர் என்றும் இரண்டு பெயராலும் அழைக்கிறது. யாருக்கும் வலி தராதவள், இறந்தபோது எல்லோரும் இவளுக்காக ஏங்கினார்கள் என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறது.